பெட்டி மைனி கட்டிய அலமாரி

சிந்துபூந்துறையில் எந்த வீட்டில் ஓர் அட்டைப்பெட்டி காலியானாலும், வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு முன்னால் பெட்டி மைனிக்குத் தெரிந்துவிடும். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். சர்க்கரை டப்பா இருக்கும் இடம் எறும்புக்கு எப்படித் தெரிகிறதோ, அப்படித்தான்.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. அது தபால்காரருக்கும் ரேஷன் கடைக்காரருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மற்றபடி தெருவுக்கே அவர் மைனிதான். எங்கள் பக்கத்தில் அண்ணியை மைனி என்போம். அவரைவிட இருபது வயது மூத்த ஆட்களும் "என்ன மைனி, பெட்டி கெடச்சுதா?" என்றுதான் கேட்பார்கள். சொந்த ஊர் உவரி. கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். அவர் வீட்டில் இருப்பதைவிட ஃபோனில் இருப்பதுதான் அதிகம். மைனி நல்ல ஆகிருதி. கடலை எதிர்த்துப் பேசிப் பழகிய குரல். தாமிரபரணிக் கரைக்குக் குடிவந்த பிறகும் அந்தக் குரலை அவர் ஒரு பிடிகூடக் குறைத்துக்கொள்ளவில்லை.

அவருடைய கொள்கை ஒன்றே ஒன்று. மனுஷன் காசு கொடுத்து அலமாரி வாங்கக் கூடாது. கடைக்காரன் சும்மா தூக்கிப் போடுகிற அட்டைப்பெட்டியில் இல்லாத அலமாரியா?

கல்யாண வீட்டில் எல்லோரும் பெண்ணைப் பார்ப்பார்கள், மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். மைனி பரிசாக வந்திருக்கிற மிக்சியின் பெட்டியைப் பார்ப்பார். விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டி, "மூணு அடுக்கு அட்டைதான். அஞ்சு இருக்கணும். ஏமாத்திட்டான்" என்று உதட்டைப் பிதுக்குவார். எதிர்வீட்டில் ஒரு பகலில் பூட்டை உடைத்துப் புது டிவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். துக்கம் கேட்கப் போன மைனி, மூலையில் கிடந்த டிவிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "பெட்டிய வச்சுட்டுப் போயிருக்கான் பாருங்க. எங்கயோ நல்ல குடும்பத்துல பொறந்தவன்தான்" என்றாராம். வீட்டுக்கார அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு முறைத்தாள். மைனி அதைக் கவனிக்கவில்லை; பெட்டியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவர் மாடியில் இருக்கிறார் என்று தெரியாமல்தான் நானும் என் மனைவி செல்வியும் கீழ்வீட்டுக்குக் குடிபோனோம்.

சாமான்களை இறக்கியாயிற்று. காலிப் பெட்டிகளை வாசலில் குவித்து, பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். மாடிப்படியில் ஒரு பெரிய சத்தம்.

"ஏ தம்பி! நில்லும்! என்ன காரியம் செய்யுதீரு?"

நான் ஏதோ கரண்ட் கம்பியை மிதித்துவிட்டேன் என்று பயந்து ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றேன். மைனி இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. பெட்டிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தட்டினார், முகர்ந்தார், வாயைப் பிளந்து உள்ளே எட்டிப் பார்த்தார். உவரிக் கரையில் மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல இருந்தது.

"இதையெல்லாம் பேப்பர்க்காரனுக்கா கொடுக்கப் போனீரு? அந்தோணியாரே!" என்று நெஞ்சில் கை வைத்தார்.

பாவம், கஷ்டப்படுகிற குடும்பம் போலிருக்கிறது என்று எனக்குள் கருணை பொங்கியது. "பரவாயில்லைம்மா, நீங்களே எடுத்துக்கோங்க" என்று வள்ளலைப் போலச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்கு எதுக்கு? உம்ம வீட்டுக்குத்தான் சொல்லுதேன். இந்த வீட்டுக்காரர் சுவத்துல ஆணி அடிக்க விட மாட்டாரு. ஒரு பலகை மாட்ட முடியாது. உம்ம பொஸ்தகத்தையும் பொண்டாட்டி துணிமணியையும் எங்கன வைப்பீரு? தலையிலயா?"

செல்வி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் தைக்கிறவள். கல்யாண ஜாக்கெட்டுக்கு அவளிடம்தான் கூட்டம். ஆகவே அவள் உடனே, "சொல்லுங்க மைனி, எப்படிச் செய்யணும்?" என்று கட்சி மாறிவிட்டாள். எனக்குத்தான் தன்மானம் இடித்தது. வாரப் பத்திரிகையில் பெயர் வருகிறவன் நான். என் புத்தகங்கள் தேக்கு அலமாரியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிற்பதாகப் பல வருஷமாக மனதுக்குள் ஒரு படம் வைத்திருந்தேன். அந்தப் படத்தில் 'ஆப்பிள் - மேல்பக்கம் இது' என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"நான் பார்த்துக்கிடுதேன் மைனி" என்றேன்.

தேக்கு அலமாரியின் விலையை விசாரித்தேன். விசாரித்த கையோடு வீட்டுக்கு வந்து, அட்டையில் அலமாரி செய்வது எப்படி என்று ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தேன். மாடிக்குத் தெரியக் கூடாது என்று சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தேன். வெள்ளைக்காரப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே செய்தான். நான் சிரிக்காமல் செய்தேன். செல்லோடேப் சுருள் சுருளாகத் தீர்ந்தது. கடைசியில் சுவரோரம் ஓர் உருவம் எழும்பி நின்றது. கொஞ்சம் வலதுபக்கம் சாய்ந்து, யாரையோ ஒட்டுக்கேட்பது போல நின்றது. புத்தகங்களையும், என் கட்டுரைகள் வந்த பத்திரிகைக் கட்டுகளையும் அதில் அடுக்கினேன். கண் நிறைந்தது.

மறுநாள் மாமனார் வந்தார். வேண்டுமென்றே அந்த அலமாரிக்கு முன்னால்தான் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். பெருமை. அவர் காபியை ஒரு வாய்தான் குடித்திருப்பார். தலைக்கு மேலே 'கர்ர்' என்று ஒரு சத்தம். செல்லோடேப் பிரிகிற சத்தம் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் "மாமா!" என்று கத்துவதற்குள் என் இலக்கிய வாழ்க்கை முழுவதும் அவர் தலையில் இறங்கியது.

புத்தகங்களுக்கு நடுவிலிருந்து மாமனார் நிதானமாகத் தலையைத் தூக்கினார். மீசையில் காபி நுரை.

"மாப்பிள்ளை எழுத்துல கனம் இல்லைன்னு எவன்வே சொன்னது?" என்றார்.

மாடியிலிருந்து மைனி இறங்கி வந்து வாசலில் நின்றார். சிரிக்கவில்லை. இடிபாட்டுக்குள் குனிந்து, ஓர் அட்டையை எடுத்துக் கிழித்துப் பார்த்தார். "அட்டைக்குள்ள நெளிநெளியா இருக்க வரி நெட்டுக்க நிக்கணும் தம்பி. நீரு படுக்கப் போட்டிருக்கீரு. தூங்கத்தான் செய்யும்" என்றார். பிறகு செல்வியிடம், "ஏட்டி, அடுப்புல மைதா மாவு காய்ச்சு" என்றார்.

அன்றைக்கு எங்கள் வீடு பட்டறை ஆனது. மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கரைத்தார். ஒரே அளவுப் பெட்டிகளாகப் பொறுக்கி, வாய் நம்மைப் பார்க்கும்படி படுக்கவைத்தார். மூடிகளை வெட்டி எறியாமல் உள்ளே மடக்கி ஒட்டி, ஓரங்களை இரட்டைக் கனமாக்கினார். நடுவில் வரி நெட்டுக்க நிற்கும்படி ஒரு தடுப்பு. மாமனார் பசை தடவினார். எனக்குக் கிடைத்த வேலை, பசை காயும்வரை கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பது. "பேசாம நில்லும், பேசுனா ஆடுது" என்று அதற்கும் ஒரு நிபந்தனை.

எல்லாவற்றுக்கும் மேலே வழவழப்பான தாள் ஒட்டினால்தான் அழகு என்றார். கீழே சிதறிக் கிடந்த பத்திரிகைகளைப் புரட்டினார். நான் எழுதிய பக்கமாகப் பார்த்துப் பார்த்துக் கிழித்தார்.

"மைனி, அது என் கட்டுரை!"

"அதான் கிழிக்கேன். மத்த பக்கத்துலெல்லாம் கலர்ப் படம் இருக்கு, பாக்கலாம். உம்ம பக்கம்தான் வெறும் எழுத்து. பசை நல்லாப் பிடிக்கும்."

என் எழுத்து மக்களிடம் ஒட்டவில்லை என்று ஒரு விமர்சகர் சொல்லியிருந்தார். அட்டையில் பிரமாதமாக ஒட்டியது.

பெட்டிகளை ஒன்றோடு ஒன்று பசை போட்டு ஒட்டாமல், பார்சலில் வரும் பிளாஸ்டிக் பட்டையால் கட்டித்தான் மைனி அடுக்கினார். ஏன் என்று கேட்டேன். "வீடு மாறும்போது ஒவ்வொண்ணா அவுத்துச் சாமானோட தூக்கிட்டுப் போயிரலாம்லா. நான் எத்தனை துறைமுகத்துல குடும்பம் நடத்துனவ தெரியுமா?" என்றார். கடைசியில் சோதனை. அலமாரியின் ஒரு பெட்டியைக் கழற்றிக் கீழே வைத்து, அதன்மேல் மைனி ஏறி உட்கார்ந்தார். நானும் மாமனாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பெட்டி அசையவில்லை.

"என்னையே தாங்கிட்டு. உம்ம எழுத்தையும் தாங்கும்" என்று எழுந்தார்.

எனக்கு ஒன்றும் செல்விக்கு ஒன்றுமாக இரண்டு அலமாரிகள். செல்வியின் அலமாரியில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கல்யாணப் பெண்ணின் பெயரை எழுதி ஒட்டினாள். என்னுடையதில் ஒரே ஒரு குறை. உள்ளே மடக்கிய மூடிகளில் இருந்த அச்செழுத்தை மறைக்கத் தாள் போதவில்லை. என்னைப் பார்க்க வந்த ஒரு பெரிய எழுத்தாளர், புத்தகங்களுக்கு இடையே தெரிந்த 'பெரியவர்களுக்கான டயப்பர்' என்ற வரியை வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என் கையை ஆதரவாகப் பிடித்து, "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்றார்.

அந்த வருஷக் கடைசியில் பெரிய மழை. விடாமல் கொட்டியது. பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றார்கள். ஆறு இருக்கும் இடத்தில்தானே இருக்கும் என்று நான் காலை காபியோடு உட்கார்ந்திருந்தேன். செருப்பு ஒன்று என்னைக் கடந்து மிதந்து போனது. என் செருப்புதான்.

அடுத்த நிமிஷம் கணுக்காலுக்குத் தண்ணீர். செல்வி கத்தினாள். நான் பாய்ந்தேன். வீட்டில் எது முக்கியமோ அதைத் தூக்கினேன், அதாவது கட்டிலுக்குக் கீழே இருந்த என் மிச்சக் கட்டுரைகளின் மூட்டையை. மாடிப்படியை நோக்கி நாலு எட்டு வைத்திருப்பேன். எதிரே மைனி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்தார்.

"என்ன அது?"

"என் எழுத்து மைனி."

"கீழ போடும்! போனா திரும்ப எழுதிக்கிடலாம். அங்கன ஒவ்வொரு பெட்டியிலயும் ஒருத்தி கல்யாணம் இருக்கு!"

போட்டேன். மூட்டை அவிழ்ந்து, கட்டுரைகள் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி ஆற்றைப் பார்க்கப் போயின. என் எழுத்து அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல்தடவை.

செல்வி பட்டைகளை அறுத்தாள். மேல் பெட்டியை மைனி தூக்கினார். அடுத்ததை நான். சேலை, ஜாக்கெட் துணி, ஜரிகை, பொத்தான் எல்லாம் வைத்தது வைத்தபடி பெட்டியோடு படியேறின. தேக்கு அலமாரியாக இருந்திருந்தால் அதன் கதவைத் திறக்கும்போதே தண்ணீர் கழுத்துக்கு வந்திருக்கும். ஓடி ஓடித் தூக்கினோம். கடைசியாக அடிப்பெட்டி மட்டும் பாக்கி. அது தண்ணீரில் நின்று ஊறிப்போயிருந்தது. மைனியே அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். "பைய... பைய..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறினார். பாதிப் படியில் அட்டை அப்படியே கரைந்து விட்டுக்கொடுத்தது. உள்ளே இருந்த முகூர்த்தப் பட்டு, அரக்குச் சிவப்பு, சேறும் சகதியுமான தண்ணீருக்குள் விழுந்தது.

மைனி கையில் ஈரக் கூழ் மட்டும் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். செல்விதான் குதித்துச் சேலையை எடுத்தாள்.

தண்ணீர் வடியும்வரை மைனி வீட்டில்தான் இருந்தோம். அங்கே பர்மாத் தேக்கில் ஒரு பீரோ உண்டு, மைனிக்குத் தாய்வீட்டுச் சீதனம். எப்போதும் பூட்டியே இருக்கும். அதில் பவுனாக அடுக்கியிருக்கிறார் என்று தெருவில் பேச்சு. தலை துவட்டத் துண்டு எடுக்க அதை அன்றைக்குத் திறந்தார். மேல்தட்டில் கொஞ்சம் துண்டு. மீதித் தட்டு முழுக்க, இஸ்திரி போட்டது போல மடக்கி அடுக்கிய அட்டைப்பெட்டிகள்.

"தேக்கு பீரோவுக்குள்ள அட்டையா மைனி?" என்றேன்.

"நல்ல பெட்டி நனையக் கூடாதுல்லா" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு நாளாக இருந்தால் நான் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

அந்தப் பட்டுச்சேலையின் கல்யாண வீட்டார் வந்து செல்வியைக் கன்னாபின்னாவென்று திட்டினார்கள். "அட்டைப்பெட்டியிலயா முகூர்த்தப் பட்ட வைப்பாங்க? மூளை இருக்கா?" என்று பெண்ணின் தாயார் போட்ட சத்தம் மாடிவரை கேட்டது. செல்வி அந்தச் சேலையை விவரம் தெரிந்தவர்களிடம் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கினாள். உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை மட்டும் போகவில்லை. கல்யாணப் பெண் அதைக் கட்டிப் பார்த்துவிட்டு, "கொசுவத்துக்குள்ள போயிருதுக்கா, ஒருத்தருக்கும் தெரியாது" என்று சிரித்தாள். அந்தச் சேலையில்தான் அவள் கல்யாணம் நடந்தது. நாங்கள் போய்ச் சாப்பிட்டோம். மைனி வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் பெட்டி பொறுக்கவே இல்லை. மாமியார் எங்களுக்கு ஓர் இரும்பு ராக் வாங்கி அனுப்பினார். மைனி ஒருநாள் வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உறுதியாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். தெருவில் ஆட்கள் வழக்கம்போல நல்ல பெட்டிகளை அவருடைய வாசலில் வைத்துப் பார்த்தார்கள். வைத்த இடத்திலேயே இருந்தன. தெருவே கொஞ்சம் சத்தம் குறைந்து போயிற்று. ஆறுதலாக நானும் ஏதேதோ பேசிப் பார்த்தேன். நான் ஆறுதல் சொன்னால் கேட்பவருக்குத் துக்கம் கூடும் என்பது ஊரறிந்த விஷயம்.

ஆனி பிறந்து காற்று சுழற்றியடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், மிக்சி ரிப்பேருக்காக ஆற்றுக்கு அந்தப் பக்கம் வண்ணார்பேட்டைக்குப் போயிருந்தேன். கடைக்கு வெளியே ஒரு ஃபிரிட்ஜ் பெட்டி நின்றது. இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ். ஒரு மடிப்பு, ஒரு கிழிசல் இல்லை. நான் பாட்டுக்குக் கடந்து போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால், விரல் முட்டியால் அதைத் தட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"அண்ணாச்சி, இந்தப் பெட்டி வேணுமா உங்களுக்கு?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"உமக்கு எதுக்குவே?"

"அலமாரி செய்ய" என்றேன். சொன்னபோது தேக்கு, கண்ணாடிக் கதவெல்லாம் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

பஸ்ஸில் ஏற்றப் பார்த்தேன். கண்டக்டர் படியிலேயே மறித்தார். "என்ன அண்ணாச்சி, வீட்டோடயா ஏறுதீரு? இறங்கும்!" சரி, மடக்கிக் கொண்டுபோகலாம் என்றால் மனசு வரவில்லை. மடித்த இடத்தில் பலம் போய்விடுமே! ஆகவே தலைக்கு மேலே கவிழ்த்துக்கொண்டு நடந்தேன். மிக்சி கையில். பெட்டிக்குள்ளிருந்து ரோடு தெரியவில்லை, என் பாதம் மட்டும் தெரிந்தது. ஆற்றுப் பாலத்துக்கு வந்ததும் காற்று பெட்டியைப் பிடித்துக்கொண்டது. நான் மேற்கே போக, அது தெற்கே போக, பாலத்தின் மேல் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினோம்.

"அண்ணாச்சி! பெட்டி உம்மைத் தூக்கிட்டுப் போகுது, கைப்பிடிச் சுவத்தைப் பிடியும்!" என்று யாரோ பைக்கை நிறுத்திக் கத்தினார். இன்னொரு குரல், "இவரு பத்திரிகையில எழுதுதவருல்லா?" என்றது. "இல்லை" என்று பெட்டிக்குள்ளிருந்து சத்தமாகச் சொன்னேன்.

வீடு வந்து சேர்ந்து, பெட்டியை முன்னால் விட்டு மாடிப்படி ஏறினேன். பாதியில் படி திரும்புகிற இடத்தில் அது சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மாடிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"யாரு அங்கன?"

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பெட்டி. முகம் தெரியவில்லை.

"நான்தான் மைனி. வண்ணார்பேட்டையில கெடந்துது."

பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

"அஞ்சு அடுக்கு" என்றது குரல்.

"பாலத்து வழியாவா கொண்டாந்தீரு? இந்தக் காத்துலயா?"

"ஆமா."

"கோட்டி பிடிச்சிருக்கா தம்பி? ஒரு வெறும் பெட்டிக்கா இம்புட்டுத் தூரம் நடந்தீரு?"

"வெறும் பெட்டிக்கு எவன் மைனி நடப்பான்?" என்றேன்.

பிறகு பெட்டி என் கையை விட்டுப் பைய மேலே ஏறத் தொடங்கியது.